எழுத்துத் தேர்வும் திருத்தக் கருவியும்

முன்னுரை

எழுதுவார்க்குத் தம் பிழை எளிதிற் புலப்படுவதில்லை. தாம் கருதியதையே அவர் ஏட்டிலும் காண்பர். ஏட்டில் உள்ளதை உள்ளவாறு காணப் பிறிதொரு கண் வேண்டும். அக் கண்ணாக நெடுங்காலம் இருந்தவர் ஆசிரியர். இன்று அப்பணியின் ஒரு பகுதியைக் கணினி ஏற்றுக்கொண்டுள்ளது. சொற்பிழை காட்டுவது, சந்திப்பிழை காட்டுவது, கட்டுரை முழுவதையும் படித்து மதிப்புரை கூறுவது எனப் பலவகைக் கருவிகள் மாணவர் கையிலுள்ள தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. எழுத்துத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வார் இவற்றை எவ்வாறு பயன்கொள்ளலாம், எவ்விடத்தில் இவற்றை நம்புதல் தகாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கொண்ட அளவுகோல் புதியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்கு ஆகாத குற்றங்களைப் பத்தாக வகுத்துள்ளது. அவ்வகுப்பு நூல் இயற்றுவாரை நோக்கியதாயினும், ஒரு பக்கக் கட்டுரைக்கும் ஒரு கடிதத்திற்கும் பொருந்துவதே. அக்குற்றங்களுள் கருவியின் கண்ணுக்குப் புலனாவன எவை, புலனாகாதன எவை என்று பிரித்துக் காணின், கருவியின் எல்லை தானே விளங்கும்.

தேர்வும் தேர்வரும்

அடி அண்ணாமலை என்பது திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் வழியில் உள்ள ஊர். பெருங்கோயில் மலைக்குக் கிழக்கே அமைய, இவ்வூர்க் கோயில் மலையின் மறுபுறத்தே அமைந்துள்ளது. திருவெம்பாவை அண்ணாமலையில் பாடப்பட்டது என்னும் மரபிற்கேற்ப, மாணிக்கவாசகர்க்கு இங்குத் தனிக்கோயிலும் உண்டு. தமிழால் பெயர்பெற்ற இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் பட்டதாரிகள் சிலர்க்கு மாலை வேளைகளில் எழுத்துப் பயிற்சி அளித்துவருகின்றேன். அவருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெற்றவர். அரசுப் பணியை நாடுபவர். இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகள் அப்பயிற்சியினின்று தோன்றியவை.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் பிறப்பித்த ஆணை, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெறுதலைக் கட்டாயமாக்கிற்று. தொகுதி 1 முதன்மைத் தேர்வில் அது விரித்தெழுதும் தாளாக அமைந்தது. மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், பொருள் உணர்திறன், குறிப்புகளைக்கொண்டு விரித்தெழுதுதல், திருக்குறள் பற்றிய கட்டுரை, அலுவல் சார்ந்த கடிதம், தமிழ் மொழி அறிவு என்பன அத்தாளின் பகுதிகள். இத்தாளில் தகுதி பெறாதாருடைய பிற தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. ஆகவே, வரலாறும் பொருளியலும் ஆண்டுக்கணக்கிற் பயின்ற ஒருவர், தாய்மொழியில் ஒரு கடிதம் வரையத் தடுமாறினால், அப்பயிற்சி முழுதும் படிக்கப்படாமலே போகும். எழுத்துப் பயிற்சி இவர்க்கு வாழ்வோடு பிணைந்தது என்பதனை இதனால் உணரலாம்.

முப்பது மாணவர் வாரந்தோறும் இரண்டு கட்டுரை எழுதின், ஆசிரியர் ஒருவர் திங்களொன்றில் இருநூற்று நாற்பது கட்டுரைகளைத் திருத்தல் வேண்டும். அஃது இயலாமையின் ஏடுகள் காலந்தாழ்ந்து திரும்புகின்றன. எழுதும்போது எழுந்த ஐயம், ஏடு திரும்பும்போது மாணவர் நெஞ்சில் இருப்பதில்லை. கருவியோ கேட்ட அளவிலே விடை தருகின்றது. அதன் சிறப்பு இவ்விரைவே. இதனை மறுத்தல் நேர்மையாகாது.

கருவி தோன்றிய வரலாறு

கட்டுரையை எந்திரம் மதிப்பிடல் நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எல்லிஸ் பேஜ் என்பார் 1966ஆம் ஆண்டிலேயே இதனை முன்மொழிந்து செய்தும் காட்டினார். மாணவர் மிகுதியாக எழுத வேண்டுமாயின் ஆசிரியரின் திருத்தற்சுமை குறைய வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய முறை கட்டுரையின் பொருளை அறிய முற்பட்டதன்று. கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், நிறுத்தக்குறிகளின் எண்ணிக்கை முதலிய அளக்கத்தக்க கூறுகளை எண்ணி, அவ்வெண்களுக்கும் மனித மதிப்பீட்டாளர் அளித்த மதிப்பெண்களுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, அவ்வுறவைக்கொண்டு புதிய கட்டுரைக்கு மதிப்பெண் கூறியது அது.

1999ஆம் ஆண்டில் ஈ.டி.எஸ். நிறுவனத்தின் இ-ரேட்டர் என்னும் கருவி, மேலாண்மைக் கல்விக்குரிய ஜிமேட் தேர்வில் கட்டுரைகளை மதிப்பிடப் புகுந்தது. ஆண்டும் எந்திரம் தனித்து விடப்படவில்லை. ஒரு மனிதரும் படித்தார். இருவர் மதிப்பும் பெரிதும் வேறுபட்டவிடத்து மற்றொரு மனிதர் படித்து முடிவு செய்தார். 2014இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த லெஸ் பெரல்மன் என்பாரும் மாணவர் சிலரும் ஒரு சோதனை செய்தனர். சில சொற்களைத் தந்த அளவில் பொருளற்ற கட்டுரையைப் புனைந்து தரும் நிரல் ஒன்றை அவர்கள் இயற்றினர். அருஞ்சொற்களும் நீண்ட தொடர்களும் நிரம்பிய அப்பொருளிலாக் கட்டுரைகளுக்கு மதிப்பீட்டு எந்திரங்கள் உயர்ந்த மதிப்பெண் வழங்கின. எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுவார்க்கு எண்ணப்படாதது இல்லாததாகவே தோன்றும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

தமிழுக்கு அமைந்த கருவிகள்

தமிழில் இப்பணி வேறொரு வாயிலால் தொடங்கிற்று. மதிப்பெண் இடுதலினும் பிழை காட்டலே இங்கு முதலில் வேண்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் மொழித்துறையின் தலைவராக விளங்கிய பேராசிரியர் ந. தெய்வ சுந்தரம் அவர்களின் மென்தமிழ், நீச்சல்காரன் என்னும் புனைபெயரினர் இயற்றிய நாவி என்னும் சந்திப்பிழைத் திருத்தி, அவரே இயற்றிய வாணி என்னும் பிழைத் திருத்தி ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கன.

இவற்றை இயற்றல் ஆங்கிலத்திற்கு இயற்றுவதினும் அரிது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது எழுத்தால் ஒரு சொல். வினையெச்சமும் துணைவினையும் வினையாலணையும் பெயரும் பன்மையும் வேற்றுமையும் இடைச்சொல்லும் அதனுள் அடங்கியுள்ளன. இத்தகைய வடிவங்கள் ஒரு வினையடியினின்றே ஆயிரக்கணக்கில் தோன்றுமாதலின், அகராதிச் சொற்களை அடுக்கிவைத்து ஒப்பிடுதல் போதாது. சொல்லைப் பகுதியும் விகுதியுமாகப் பிரித்தறியும் இலக்கண அறிவைக் கருவிக்கு ஊட்டல் வேண்டும். பகுபத உறுப்பிலக்கணம் கணினிக்கும் பாடமாயிற்று என்பது நம் துறையினர் மகிழ்தற்குரியது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் மூன்றாம் வகைக் கருவி பரவிற்று. இது விதிகளால் இயன்றதன்று. பெருந்தொகையான எழுத்துகளைக்கொண்டு பழக்கப்பட்டு, ஒரு சொல்லின்பின் எச்சொல் வரத்தகும் என்பதைக் கணித்துத் தொடர்களை ஆக்குவது. பிழை காட்டல், காரணம் கூறல், முழுவதையும் மாற்றி எழுதித் தரல் ஆகிய மூன்றையும் இது செய்கின்றது. இது கூறும் காரணம் சிலபோது உண்மையாகவும் சிலபோது உண்மை போலவும் இருக்கும். இரண்டும் ஒரே உறுதியோடு கூறப்படுதலின் கற்பார் வேறுபாடு அறிதல் அரிது.

குற்றங்களை இருவகையாகப் பகுத்தல்

நன்னூலார் கூறும் குற்றங்களைக் கருவியின் ஆற்றலொடு வைத்து நோக்குங்கால், அவை இருவகைப்படுதலைக் காணலாம். ஒருவகைக் குற்றத்திற்குச் சான்று ஏட்டினுள்ளேயே இருக்கும். மற்றொரு வகைக் குற்றத்திற்குச் சான்று ஏட்டிற்கு வெளியே, அஃதாவது உலகத்திலோ வினாவிலோ படிப்பவர் தேவையிலோ இருக்கும். முன்னதில் கருவி வல்லது. பின்னதில் அதனை நம்புதல் இயலாது.

வழுவுடைய சொல்லைப் புணர்த்தல் முன்னைய வகையின் தலைமையானது. ‘முயர்ச்சி’ என்று எழுதின் அவ்வாறு ஒரு சொல் இன்மையின் கருவி உடனே காட்டும். ஆயின் வழுவான சொல் தமிழில் வேறொரு பொருளில் வழங்குமாயின், சொல்லளவில் நோக்கும் கருவி ஏமாறும். ‘பக்தர்கள் மழையைச் சுற்றி வந்தனர்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். மலை மழையாயிற்று. “ஐயா, கருவி இதில் ஒன்றும் காட்டவில்லையே” என்றார். மழை என்பதும் நல்ல தமிழ்ச் சொல்லே. சுற்றி வருதற்கு உரியது எது என்பதே அங்கு வினா. ‘மலை ஏறி’ என்பது ‘மலை ஏரி’ ஆவதும், குளக்கரை குளக்கறை ஆவதும் இவ்வினத்தன. லகர ழகர ளகரங்களையும் ரகர றகரங்களையும் பேச்சில் வேறுபடுத்தாதார்க்கு இப்பிழையே மிகுதி. அவர்க்கு மிகுதியாக வேண்டப்படும் இடத்திலேயே இவ்வகைக் கருவி வாளாவிருக்கின்றது.

சந்தியிலும் இந்நிலை உண்டு. ‘வேலை கொடுத்தான்’ எனின் பணி தந்தான் என்பது பொருள். இரண்டாம் வேற்றுமை தொக்கமையின் வல்லினம் மிகவில்லை. ‘வேலைக் கொடுத்தான்’ எனின் வேல் என்னும் படைக்கலத்தைத் தந்தான் என்பது பொருள். உருபு விரிந்தமையின் வல்லினம் மிகுந்தது. ‘கத்தி கொண்டு வந்தான்’, ‘கத்திக் கொண்டு வந்தான்’ என்பனவும் அன்ன. இரண்டும் பிழையற்றன, எழுதுவார் கருதிய பொருளொன்றே எது வேண்டும் என்பதைத் தெரிவிக்கும். சந்தி ஒலியின்பாற்பட்டது மட்டும் அன்று, பொருளின்பாற்பட்டதும் ஆகும் என்னும் இவ்வுண்மையை உணராத மாணவர், கருவி ஒற்றை இடச் சொன்னால் இட்டும், நீக்கச் சொன்னால் நீக்கியும், இலக்கணம் கற்றதாகக் கருதிக்கொள்வர்.

கூறியது கூறல், மாறுகொளக் கூறல் ஆகியவற்றுக்கும் சான்று ஏட்டினுள்ளேயே பெரும்பாலும் கிடைக்கும். மலையை வலம்வரும் வழி 14 கிலோமீட்டர் என்று தொடக்கத்தில் எழுதி, இறுதியில் 40 என்று எழுதின், புதிய வகைக் கருவி அம்முரணைக் காணவல்லது. இரண்டிடத்தும் 40 என்றே எழுதின் முரண் இல்லை. பிழை மட்டும் உண்டு. அதனை அறிய ஒன்று வழியை நடந்திருத்தல் வேண்டும். அன்றேல் அதைப்பற்றி மெய்யான செய்தி கைக்கண் இருத்தல் வேண்டும். மயங்கவைத்தலும் இருநிலைப்பட்டது. ‘மலையை வலம்வரும் மக்கள், வழியிலுள்ள கோயில்களை வணங்கியபின், தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கின்றது’ என்னும் தொடரில் எழுவாயும் பயனிலையும் இயையாமை ஏட்டிலேயே தெரிகின்றது. சொல் இயைந்தும் கருத்து மயங்குமாயின், அம்மயக்கத்தைப் படிப்பவரே உணர்வர்.

இனிக் குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல், நின்று பயனின்மை ஆகியவை முற்றிலும் பின்னைய வகையின. எவ்வளவு கூறினால் நிரம்பும் என்பது கேட்பவரைப் பொறுத்தது. எது ‘மற்றொன்று’ என்பது கேட்கப்பட்ட வினாவைப் பொறுத்தது. பயன் என்பது ஏட்டின் பண்பு அன்று, ஏட்டினால் நிகழ்வதாகும்.

ஒரு கடிதம்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தெருவிளக்கு வேண்டி உள்ளாட்சி அலுவலர்க்குக் கடிதம் வரைக எனப் பயிற்சி அளித்தேன். ஒரு மாணவி எழுதிய கடிதம் நடையால் தடுமாறியிருந்தது. மூன்றிடத்தில் சந்தி பிழைத்தது. ஒரு தொடர் முடிவு பெறவில்லை. ஆயின் அதனுள் நான்கு செய்திகள் இருந்தன. எரியாத விளக்குகள் மூன்று. அவை தெருமுனைக்கும் குளத்திற்கும் இடையே உள்ளன. முழுநிலவு நாளில் வெளியூரார் அவ்வழியே திரளாக நடப்பர். அவ்விடத்தே சாலை வளைதலின் எதிர்வரும் வண்டி தெரிவதில்லை.

அக்கடிதத்தை அவர் புதிய வகைக் கருவியொன்றில் இட்டுத் திருத்தித் தருமாறு வேண்டினார். திரும்பி வந்த கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. மக்கள் நலனும் பாதுகாப்பும் அதிற் பேசப்பட்டன. உரிய நடவடிக்கையை விரைந்து மேற்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டப்பட்டது. விளக்குகள் எத்தனை, எவ்விடத்தன என்பன மட்டும் மறைந்துவிட்டன. சாலை வளைவும் மறைந்தது. அம்மாணவி இதனையே தம்முடையதினும் சிறந்தது எனக் கருதினார். தம்முடையதைக் கிழிக்கவும் முற்பட்டார்.

இரண்டையும் ஓர் அலுவலர் பெற்றார் எனக் கொள்வோம். முதற் கடிதத்தைக்கொண்டு ஒரு பணியாளரை அனுப்பலாம். இரண்டாவதைக்கொண்டு எவரையும் எங்கும் அனுப்புதல் இயலாது. நின்று பயனின்மை என்பதன் பொருளை இதனினும் தெளிவாக எனக்கு விளக்குவது வேறில்லை. மாணவியின் குற்றங்கள் ஏட்டினுள் இருந்தன. ஒரு மணிநேரத்தில் நீக்கத்தக்கன. எந்திரக் கடிதத்தின் குற்றம் ஏட்டிற்கு வெளியே இருந்தது. தெருவைக் கண்டவரே அதனைக் காணவல்லார். தம் கண் கண்டதைத் தாமே சிறுமையாக எண்ணப் பழகுவாராயின், அவர்க்கு நேரும் இழப்பு மதிப்பெண்ணோடு நில்லாது.

பயிற்சி முறை

இவற்றால் கருவியை விலக்குக என்று கூறுவேம் அல்லேம். ஏட்டினுள் சான்றுடைய குற்றங்களை அது விரைந்து காட்டுதலின் ஆசிரியரின் காலம் மிஞ்சுகின்றது. அக்காலத்தை ஏட்டிற்கு வெளியே உள்ள குற்றங்களுக்கு அவர் செலவிடலாம். ஆயின் கருவியைக் கையாளும் முறைக்கு ஓர் அடிப்படை வேண்டும். தேர்வுக்கூடத்தில் தேர்வர் கையில் இருப்பது எழுதுகோல் ஒன்றே. கருவி எவ்வளவு செம்மையுறினும் அவ்வாயிலில் அது நின்றுவிடும். ஆதலின், கருவியை நீக்கியபின் மாணவர்பால் எஞ்சுவது யாது என்பதே பயிற்சியின் அளவாகும். இதற்கு யாம் பின்பற்றும் முறை வருமாறு.

1. கட்டுரையை முதலில் கையாலேயே எழுதல் வேண்டும். தொலைபேசியில் தட்டச்சிடும்போது எழுத்துப் பலகையே சொல்லை முடித்துக் காட்டுகின்றது. மாணவர் தேர்ந்தெடுக்கிறாரேயன்றி எழுதுவதில்லை. குரலால் உள்ளிடுமிடத்தும் றகர ரகரங்களைக் கருவியே தேர்கின்றது. பிழை அங்கு நீங்கவில்லை, மறைகின்றது. தேர்வுத்தாளில் அது மீண்டும் வெளிப்படும்.

2. எழுதியதை வாய்விட்டுப் படித்து, தமக்கு ஐயமுள்ள இடங்களை மாணவரே கோடிட்டுக் கொள்ளல் வேண்டும். ஐயம் தோன்றும் இடத்தை அறிதலே அறிவின் தொடக்கம். கருவி முந்திக்கொள்ளின் அது நிகழாது.

3. அதன்பின், தட்டச்சில் சொற்பரிந்துரையை நிறுத்திவைத்து, கட்டுரையைப் பிழை உட்பட எழுதியவாறே கருவியில் இடுக. கருவி காட்டிய ஒவ்வோரிடத்தையும் ஒரு குறிப்பேட்டில் மூன்று நிரலாக எழுதுக. முதல் நிரலில் கருவி காட்டியது. இரண்டாவதில் ஏற்பா மறுப்பா என்பது. மூன்றாவதில் அதற்குக் காரணம். காரணம் எழுத இயலாத ஏற்பை ஏற்பாகக் கொள்ளலாகாது. கருவி கூறியதைத் தக்க காரணத்தொடு மறுத்த இடத்தையே யான் மிகுதியாகப் பாராட்டுவேன். ‘வேலை கொடுத்தான்’ என்பதில் ஒற்று வேண்டா என்று பொருள் காட்டி மறுப்பவர் அவ்விதியை இனி மறவார்.

4. கட்டுரையை மாற்றி எழுதித் தருமாறு கருவியை வேண்டலாகாது. குற்றம் எங்குள்ளது என்று மட்டும் கேட்டல் வேண்டும். மாற்றி எழுதியது வந்துவிடின், இரண்டையும் அருகருகே வைத்து, தம் ஏட்டிலிருந்த செய்திகளுள் எவை மறைந்தன என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. இரண்டு நாள் கழித்து, குறிப்பேட்டை மூடிவைத்து, அப்பொருளையே மீண்டும் கையால் எழுதுக. முன்னைய பிழை திரும்ப வந்ததாயின் அது கற்கப்படவில்லை என்பது தெளிவு.

ஆசிரியர் படிப்பது இவ்விரண்டாம் ஏட்டையே. ஒற்றெழுத்தைத் தேடிச் செல்லாது, வினாவிற்கு விடை உண்டா, செய்தி நிரம்பியதா, தொடங்கிய கருத்துத் தேய்ந்து போயிற்றா, படிப்பவர்க்குப் பயன் உண்டா என்பவற்றை அவர் நோக்கலாம். பண்டைய பாடங்கேட்டல் முறையில் கேட்டதைச் சிந்தித்தலும் உடன்பயில்வாரோடு வினாவி விடைகூறலும் இன்றியமையாதனவாகக் கருதப்பட்டன. குறிப்பேட்டை இருவர் மாற்றிக்கொண்டு ஒருவர் காரணத்தை மற்றவர் வினவுவாராயின் அம்மரபு மீண்டும் உயிர்பெறும்.

ஒரு தடை

கருவிகள் நாள்தோறும் வளர்கின்றன. இன்று காணாததை நாளை காணும். ஆதலின் இப்பகுப்பு நிலைக்குமோ எனச் சிலர் வினவலாம். வளரும் என்பது உண்மையே. மழைக்கும் மலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சூழலால் உணரும் கருவிகள் ஏற்கெனவே உள்ளன. ஆயின் சாலை வளைவு கடிதத்தில் எழுதப்படாதவிடத்து, அவ்வளைவு உண்டென்பதை எக்கருவியும் அறிதற்கு வாயில் இல்லை. எழுதுவார் சொன்னாலன்றி அச்செய்தி ஏட்டிற்குள் வாராது. சொல்லுதற்குரியது எது என்று தெரிந்துகொள்ளும் ஆற்றலையே எழுத்துத் தேர்வும் தேடுகின்றது. அரசுப் பணியும் வேண்டுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கருவி வல்லது ஏட்டினுள் சான்றுடைய குற்றங்களில் என்பதும், பொருளாற் பிரியும் சொல்லிலும் சந்தியிலும் அதன் கூற்றை ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்பதும், ஏட்டிற்கு வெளியே சான்றுடைய குற்றங்கள் ஆசிரியர்க்கும் மாணவர்க்குமே உரியன என்பதும், காரணம் எழுதும் குறிப்பேடே கருவியின் விரைவைக் கல்வியாக மாற்றும் என்பதும் பெறப்படும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவ்வகைக் குறிப்பேடுகளைத் தொகுத்து ஆராயின், இக்காலத் தமிழ் மாணவர் பிழைபடும் இடங்களும் கருவி பிழைபடும் இடங்களும் ஒருங்கே விளங்கும். கருவி இயற்றுவார்க்கும் அது துணையாகும்.

அம்மாணவியின் முதற் கடிதம் கிழிபடவில்லை. சந்தி மூன்றையும் அவரே திருத்தினார். முடிவுபெறாத தொடரையும் முடித்தார். விளக்குகள் மூன்றும் அவை உள்ள இடத்திலேயே இருக்கின்றன.